இறக்கை கிழிந்த ஈக்கும் வழி சொல்லுங்கள்: புதிய பேரினம் அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழ ஈக்களில் புதுப் பேரினம் (உறவுள்ள சிற்றினங்களின் கூட்டம்) அமைத்து எழுதும் வகைப்பாட்டாளர்களுக்கும், அந்தக் கட்டுரைகளை ஏற்றுப் பதிப்பிக்கும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எழுதுவதை உங்கள் துறைக்காரர்கள் நாலு பேர்தான் படிப்பார்கள் என்று நீங்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஐந்தாவது ஆள் நான். பொறியில் விழுந்த ஈக்களையும் பழத்துக்குள்ளிருந்து எடுத்த புழுக்களையும் மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, இது இன்னது என்று பெயர் எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் எழுதும் பெயரைப் பொறுத்து ஒரு சரக்கு நகரும், அல்லது நிற்கும். அந்தப் பெயரை நானாகக் கண்டுபிடிப்பதில்லை. உங்கள் திறவுகோலை, அதாவது கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலை, படிப்படியாகப் பின்பற்றித்தான் போய்ச் சேர்கிறேன். அதனால் உங்கள் கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு குப்பி வந்தது. ஆல்கஹாலில் ஒரே ஒரு ஈ. வலது இறக்கையின் நுனி கிழிந்திருந்தது. நடுக்கால் ஒன்று உடைந்து குப்பியின் அடியில் கிடந்தது. தலையில் இருக்க வேண்டிய தடித்த மயிர்களில் பாதி உதிர்ந்துபோயிருந்தன. உதிர்ந்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அவற்றை எண்ணித்தான் எத்தனை மயிர் இருந்தது என்று கணக்குப் போட்டேன். வயிற்றின் முனையில் கூம்பாக நீண்டிருந்தது முட்டையிடும் குழல். ஆக, பெண். இறக்கைப் பட்டைகள் எனக்குப் பழக்கமான எதனோடும் ஒத்துப்போகவில்லை. அண்மையில் படித்த ஒரு புதுப் பேரினக் கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன். திறவுகோலின் முதல் படி சரி. இரண்டாம் படியும் சரி. மூன்றாம் படி, ஆணின் பிறப்புறுப்பில் உள்ள பக்கமடலின் பின்பகுதி நீளமா குட்டையா என்று கேட்டது. அவ்வளவுதான், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. பெண்ணைப் பற்றி அந்த நீண்ட கட்டுரையில் இருந்தது ஒரே வரி: பிறப்புறுப்பு தவிர மற்றதெல்லாம் ஆணைப் போலவே.

அந்தக் கட்டுரை யாருடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதில் உள்ள படங்கள் அற்புதம், உறவுமுறை காட்டும் மரபணு மரம் நேர்த்தி, பேரினமும் உண்மையிலேயே புதியதாகத்தான் இருக்க வேண்டும். என் கேள்வி வேறு. என் கையில் இருக்கும் ஈ அந்தப் பேரினமா இல்லையா என்பதை அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

விதிப்படி பார்த்தால் உங்கள் மேல் குற்றமே இல்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பு கேட்பது வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. பேரினத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் நோக்கத்தோடு சொற்களில் ஒரு விளக்கம் இருக்க வேண்டும். 1930க்குப் பின் வந்த பெயரென்றால் டைப் சிற்றினம், அதாவது அந்தப் பெயரை என்றென்றைக்கும் தாங்கி நிற்கப்போகும் சிற்றினம் எது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். 1999க்குப் பின் என்றால் இது புதுப் பெயர் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். மின்வடிவில் மட்டும் வெளியிட்டால் சூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பெயரை முறையாக அமைக்க இன்னும் சில சில்லறை நிபந்தனைகள். சாரம் இவ்வளவுதான். திறவுகோல் கட்டாயமில்லை, பெண் கட்டாயமில்லை, புழு கட்டாயமில்லை. இறக்கையின் படம்கூடக் கட்டாயமில்லை. பெயர்களை ஒழுங்குபடுத்துவதோடு விதித்தொகுப்பு நின்றுகொள்கிறது. எதை எதோடு சேர்ப்பது என்ற உங்கள் தீர்ப்பில் அது வேண்டுமென்றே தலையிடுவதில்லை. அதனால்தான் இந்த மடலைப் பெயரிடல் ஆணையத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த மேசையில் இருப்பவர் இதைப் படித்தால் முதலில் கேட்பது, பழ ஈ என்றால் எந்தப் பழ ஈ என்றுதான். அதையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கூடத்தில் குழாய்க்குள் வளரும் டிரோசோபிலா ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. பழுத்து அழுகத் தொடங்கியதில் நொதிக்கும் ஈஸ்ட்டைத் தேடி வரும் சின்ன ஈ அது. நான் பார்ப்பது டெஃப்ரிடிடே என்ற வேறொரு குடும்பம். சுமார் 5000 சிற்றினங்களும் 500 பேரினங்களும் கொண்டது. இதன் பெண் ஈக்களில் பல நல்ல காயிலேயே துளை போட்டு முட்டை வைத்துவிடும். இதிலும் ஒரு பெரிய பகுதி பழத்தின் பக்கமே போவதில்லை. சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் பூத்தலைக்குள்ளும், தண்டில் கரணை போன்ற வீக்கம் உண்டாக்கியும் வாழ்கிறது. பழம் தொடாத பழ ஈ. பெயர் வைத்தவர்கள் நாம்தான், ஈயைக் குறை சொல்லிப் பயனில்லை. குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஓடும் சப்காஸ்டா என்ற நரம்பு, முனைக்குச் சற்று முன்னால் சட்டென்று செங்கோணமாக மேலே மடங்கி மங்கிப்போகும். கிழிந்த இறக்கையிலும் இது பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இது. ஆணா பெண்ணா என்று கேட்காது, முழு ஈ வேண்டும் என்று அடம்பிடிக்காது.

பேரின அளவிலும் இப்படி அடையாளங்கள் உண்டு. டேக்கஸ் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் முதுகுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓடு போல் ஆகியிருக்கும். பாக்ட்ரோசெராவில் அவை தனித்தனியாக இருக்கும். மெல்லிய ஊசிமுனையால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பார்த்தால் போதும், தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்கின்றனவா இல்லையா என்று தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக்கூட ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இப்போது சூகோடாக்கஸ் கதைக்கு வருகிறேன். பாகல், பூசணி, வெள்ளரி வகைகளைத் துளைக்கும் ஈயை கோகிலெட் 1899இல் விவரித்தபோது அது டேக்கஸ் குக்கர்பிட்டே. பிறகு பாக்ட்ரோசெரா குக்கர்பிட்டே ஆனது. என் மேசையில் உள்ள பழைய பட்டியல்களில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. சூகோடாக்கஸ் என்பது 1927இல் ஹெண்டல் வைத்த பெயர். நெடுங்காலம் பாக்ட்ரோசெராவுக்குள் ஒரு துணைப் பேரினமாக ஒடுங்கிக் கிடந்தது. மரபணு ஆய்வுகள் வந்தபின், அந்தக் கூட்டம் பாக்ட்ரோசெராவைவிட டேக்கஸுக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 2015இல் அதைத் தனிப் பேரினமாக உயர்த்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இடம் மாறின.

அதைச் செய்தது சரி. ஒரே மூதாதையின் கால்வழி முழுவதும் ஒரு பெயருக்குள் இருக்க வேண்டும், பாதியை உள்ளே வைத்துப் பாதியை வெளியே விடக்கூடாது என்ற கொள்கை எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். பாக்ட்ரோசெரா இலத்தீனப் பெயரிடலில் பெண்பால், டேக்கஸும் சூகோடாக்கஸும் ஆண்பால். அடைமொழியாக வரும் சிற்றினப் பெயர் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. முன்பு டேக்கஸ் ஸோனாட்டஸ், பாக்ட்ரோசெராவுக்குப் போனதும் ஸோனாட்டா ஆனதே, அதே கதை திரும்ப வந்தது. இந்த முறை எதிர்த்திசையில். ஸ்குட்டெல்லாட்டா ஸ்குட்டெல்லாட்டஸ் ஆனது, காடாட்டா காடாட்டஸ் ஆனது. டாவ் மட்டும் தப்பித்தது, அது டாவ்தான். பெட்டிகளில் உள்ள ஒவ்வொரு ஊசியின் அடியிலும் புதுச் சீட்டு. பழைய பெயரில் எழுதப்பட்ட அனுமதிப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, இரண்டும் ஒரே ஈதான் என்று ஒவ்வொரு முறையும் விளக்கம். இதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான், செய்தோம். உறுத்துவது வேறு. சூகோடாக்கஸைப் பாக்ட்ரோசெராவிலிருந்து உருவத்தால் பிரிக்கும் நம்பகமான அடையாளங்கள் ஆணின் ஐந்தாம் வயிற்றடித் தகட்டிலும் பிறப்புறுப்பின் பக்கமடலிலும் இருக்கின்றன. குக்கர்பிட்டேயைப் பொறுத்தவரை எனக்குக் கவலையில்லை. மார்பின் நடுவே ஓடும் மஞ்சள் கோடும், இறக்கையில் குறுக்கு நரம்பின்மேல் படிந்த கறுப்புப் பட்டையும் தூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும். சிற்றினத்தைத் தெரிந்துகொண்டு அதன்வழியாகப் பேரினத்துக்குப் போகிறேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண் ஈ வந்தால் அந்தக் குறுக்குவழி கிடையாது.

என் மேசைக்கு ஈக்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. மெத்தில் யூஜினால், கியூலூர் போன்ற ஈர்ப்புப் பொருள் வைத்த பொறிகளில் விழுவது ஏறக்குறைய எல்லாமே ஆண். புரதக் கரைசல் வைத்த பொறியில் இரண்டும் வரும், பெண் அதிகமாக. பழத்தை அறுத்துப் பார்க்கும் இடத்தில் கிடைப்பது புழு மட்டுமே. அதை வளர்த்து ஈயாக்கிப் பார்க்கலாம்தான், ஆனால் அதுவரை சரக்கு காத்திருக்காது. ஆக ஒரே பேரினம் எனக்கு மூன்று வேடத்தில் வருகிறது. அவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலான கட்டுரைகள் விவரிக்கின்றன. காயைத் துளைத்துச் சேதம் உண்டாக்குவது பெண், உள்ளிருந்து தின்பது புழு. இரண்டும் விவரிப்பில் ஓரமாக நிற்கின்றன என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

புழுவை விவரிப்பது சிரமம் என்று தெரியும். வளர்த்தால்தான் எந்தப் புழு எந்த ஈ என்று உறுதியாகும். வளர்க்க உயிரோடு பழம் வேண்டும், உங்களுக்குக் கிடைத்ததோ எப்போதோ ஊசியில் குத்தி வைத்த இரண்டு மாதிரிகள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளர்த்திருந்தால், மூன்றாம் பருவப் புழுவின் வாய்க்கொக்கியையும், முன் சுவாசத்துளையில் விரல் விரலாக நீளும் குழல்கள் எத்தனை என்பதையும் ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். காலிக் கூட்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். ஈ வெளிவந்தபின் விட்டுச்செல்லும் கூட்டில் புழுவின் வாய்க்கொக்கி ஒட்டிக்கொண்டு இருக்கும்.

வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காகவே பேரினம் அமைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்ஸோட்ரைபானா என்று 1860இல் கெர்ஸ்டேக்கர் அமைத்த பேரினம் உங்களுக்குத் தெரியாததல்ல. பப்பாளியைத் துளைக்கும் ஈ அதில்தான் இருந்தது. பார்த்தால் ஈ என்றே தோன்றாது, குளவி என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்வோம். பெண்ணின் முட்டையிடும் குழல் உடலையே மிஞ்சும் நீளத்தில் வில்லாக வளைந்திருக்கும். தனிப் பேரினம் கொடுக்காமல் இருக்க யாருக்கு மனம் வரும்? மரபணு மரம் போட்டுப் பார்த்தபோது, அந்தக் கிளை 300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட அனஸ்ட்ரெஃபாவுக்குள் உட்கார்ந்திருந்தது. அதாவது அது அனஸ்ட்ரெஃபாவிலேயே கொஞ்சம் அதிகமாக உருமாறிய ஒரு கிளை. அதை வெளியே எடுத்து வைத்தால் மிச்சமுள்ள அனஸ்ட்ரெஃபா அரைகுறைக் கால்வழி ஆகிவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அனஸ்ட்ரெஃபா என்ற பெயரை ஷைனர் வைத்தது 1868இல். டாக்ஸோட்ரைபானா எட்டு ஆண்டு மூத்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் மூத்த பெயருக்கே உரிமை என்ற விதிப்படி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிற்றினங்களைக் கொண்ட பெயர் 300க்கும் மேற்பட்டவற்றை விழுங்கிவிடும். அப்படி ஆகாமல் இருக்க, இளைய பெயருக்கு முன்னுரிமை கேட்டு 2018இல் பெயரிடல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 1860இல் ஒருவர் வித்தியாசமான ஈயைப் பார்த்து மலைத்துப்போனதற்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மற்றவர்கள் மனு எழுதினார்கள். அவருக்கு மரபணு மரம் கிடையாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்களிடம் இருக்கிறதே! விசித்திரமான ஒன்று கிடைத்தால், அதை வெளியே எடுத்தபின் பழைய பேரினத்தில் மிஞ்சுவது முழுக் கால்வழியாக இருக்கிறதா என்று ஒரு பத்தி எழுதுங்கள். புதுப் பேரினக் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான். பல நேரம் கிடைப்பதில்லை.

இறக்கைப் பட்டைகளை நம்பிப் பேரினம் அமைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றாலும் அறவே இல்லாமல் போகவில்லை. அவர்களுக்கு 1987இல் வந்த ஒரு சோதனையை நினைவுபடுத்துகிறேன். ஸோனோஸெமாட்டா என்ற பழ ஈ, இறக்கையை விரித்து மேலும் கீழும் ஆட்டும்போது அதன் பட்டைகள் தாவும் சிலந்தியின் கால்களைப் போலத் தெரியும். ஆய்வாளர்கள் அதன் இறக்கையை வெட்டி எடுத்து வீட்டு ஈயின் இறக்கையை ஒட்டினார்கள், வீட்டு ஈக்கு இதன் இறக்கையை ஒட்டினார்கள். பட்டையும் ஆட்டமும் சேர்ந்து இருந்தால்தான் தாவும் சிலந்தி பின்வாங்கியது. ஒன்று குறைந்தாலும் பாதுகாப்பு போனது. சிலந்தி கண் வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கும் ஓவியம் அது என்றால், தொடர்பே இல்லாத இரண்டு கிளைகளில் ஒரே மாதிரிப் பட்டை வருவதில் என்ன ஆச்சரியம்? எனக்கு இறக்கைப் பட்டை வேண்டும், கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். திறவுகோலில் தாராளமாக வையுங்கள். பேரினத்தின் நியாயத்தை அதன்மேல் மட்டும் ஏற்றி வைக்காதீர்கள்.

உணவுச் செடிக்கும் இதேதான். வட அமெரிக்காவில் ஹாதோர்ன் காய்களில் வாழ்ந்த ரேகோலெட்டிஸ் பொமோனெல்லா, ஐரோப்பாவிலிருந்து வந்த ஆப்பிளுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே மாறிக்கொண்டது. ஈ பழத்தை மாற்றிக்கொள்ள அதிகக் காலம் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு மரபணுத் துண்டை வைத்துப் போட்ட மரமும் எனக்குப் போதவில்லை. எல்லாரும் பயன்படுத்தும் அந்த 658 எழுத்துப் பார்கோடு, நெருங்கிய சிற்றினங்களிலேயே தடுமாறுகிறது, பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் கூட்டத்தில் நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தின் கதை பேரினத்தைப் பற்றியதல்ல, சிற்றினத்தைப் பற்றியது. ஆனாலும் பிரிப்பதில் அவசரப்பட்டால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. 1994இல் பாக்ட்ரோசெரா பப்பாயே, பாக்ட்ரோசெரா பிலிப்பினென்சிஸ் என்று இரண்டு பிரிந்தன. ஆப்பிரிக்காவில் பரவிய ஈக்கு 2005இல் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயர் வந்தது. உருவம், மரபணு, குரோமோசோம், இணை சேர்தல், மணப்பொருள் என்று எல்லாப் பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, மூன்றும் டார்சாலிஸ்தான் என்று 2015இல் ஒன்றாக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நாடுகளின் தடைப்பட்டியல்கள் அந்தப் பெயர்களை வைத்து எழுதப்பட்டன. ஒரு நாட்டில் இருக்கும் ஈ இன்னொரு நாட்டில் இல்லாத ஈ என்று காகிதத்தில் இருந்தது, மைக்ரோஸ்கோப்பின் கீழே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையே, என் கண்ணில்தான் கோளாறோ என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். கண்ணில் ஒன்றுமில்லை.

டைப் சிற்றினத்தைத் தேர்ந்தெடுப்பதைச் சடங்காகச் செய்யாதீர்கள் என்பது அடுத்த வேண்டுகோள். இதற்கு டிரோசோபிலாவைத்தான் காட்ட வேண்டும். அந்தப் பேரினத்தை 1823இல் ஃபாலென் அமைத்தார். அதன் டைப் சிற்றினம் டிரோசோபிலா ஃபுனெப்ரிஸ். உலகமே ஆய்வு செய்யும் மெலனோகாஸ்டர் 1830இல் மெய்கன் விவரித்தது. இரண்டும் தூரத்து உறவு. இன்றைய டிரோசோபிலா ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட, வேறு பல பேரினங்கள் நடுவே முளைத்துக் கிளம்பும் ஒரு சிதறிய கூட்டம். அதை ஒழுங்காகப் பிரித்தால் பெயர் ஃபுனெப்ரிஸ் இருக்கும் பக்கம்தான் போகும், மெலனோகாஸ்டரின் பேரினப் பெயர் சோஃபோஃபோரா ஆகிவிடும். அதைத் தவிர்க்க, டைப் சிற்றினமாக மெலனோகாஸ்டரையே வைத்துவிடலாம் என்று 2007இல் ஆணையத்திடம் கேட்டார்கள். 2010இல் ஆணையம் மறுத்துவிட்டது. ஒரு சின்ன ஈயின் பெயரை எடுத்து இன்னொன்றின் தலையில் வைக்க முடியாமல் மரபியல் உலகம் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெயரே வேண்டாம், பிரிப்பதையே தள்ளிப்போடுவோம் என்ற நிலை.

ஆகவே உங்கள் புதுப் பேரினத்தில் மூன்று சிற்றினம் இருந்தால், ஒற்றை மாதிரி மட்டும் கிடைத்ததை டைப் ஆக்காதீர்கள். நிறைய மாதிரிகள் உள்ளது, ஆணும் பெண்ணும் தெரிந்தது, முடிந்தால் மரபணுவும் எடுத்தது, எது அப்படி இருக்கிறதோ அதன்மேல் பெயரைக் கட்டுங்கள். நாளைக்கு யாராவது பேரினத்தை இரண்டாக உடைத்தால், பெயர் எந்தப் பக்கம் போகும் என்பதில் சந்தேகம் வரக்கூடாது.

ஒற்றை மாதிரியின் ஆபத்தை நான் சொந்தக் கையாலேயே கற்றுக்கொண்டேன். வயிற்றைத் தனியே எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால், தசையெல்லாம் கரைந்துபோய், கடினமான மேலோடும் பிறப்புறுப்பும் மட்டும் மிஞ்சும். அப்புறம் ஒரு துளி கிளிசரினில் போட்டு, முட்டையிடும் குழலின் உறையை இரண்டு ஊசியால் மெல்ல இழுத்து நீட்டினால், உள்ளே மடங்கியிருக்கும் கூரிய முனை வெளியே வரும். அந்த முனையின் வடிவம் ஒரு கைரேகை போல. ஒரு தடவை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது வயிறு கண்ணாடித்தாள் மாதிரி நிறமற்றுப் போயிருந்தது. ஊசி பட்டதும் கலைந்துபோனது. அந்தச் சரக்கில் வந்தது அந்த ஒரு ஈதான். என்னுடையது சாதாரணச் சிற்றினம், நாளைக்கு இன்னொன்று வரும். உலகத்திலேயே ஒன்றுதான் என்று நீங்கள் எழுதிய ஹோலோடைப்புக்கு, அதாவது சிற்றினப் பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை மாதிரிக்கு, இப்படி ஒரு கை போய்ச் சேர்ந்தால்?

அதனால் ஹோலோடைப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதாமல், அதைப் பார்க்கத் தேவையே இல்லாதபடி படமெடுத்துப் போடுங்கள். முழு இறக்கை தட்டையாக. தலை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும். மார்பு மேலிருந்து, ஒவ்வொரு மயிரும் அல்லது மயிர் இருந்த குழியும் தெரியும்படி. பெண்ணின் முனை, அளவுகோலோடு. அழகான கோணத்தில் ஒரே ஒரு வண்ணப்படம் போட்டு, அதிலும் ஒளி பட்டு வயிறு பளபளவென்று தகடுகளின் எல்லையே தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது வயிறெரிகிறது, என்னுடையது.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். யார் பெயரை வைக்கிறீர்களோ வையுங்கள். விலங்குலகம் முழுவதிலும் ஒரு பேரினப் பெயர் ஒரு தடவைதான் வரலாம் என்பதால், எங்கோ ஒரு வண்டுக்கோ நத்தைக்கோ அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்கள் பெயர் விழும், புதுப்பெயர் வரும், நான் மறுபடியும் சீட்டு எழுத வேண்டும்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. பக்கம் மிச்சம் பிடிக்க நீங்கள் முதலில் வெட்டுவது திறவுகோலைத்தான் என்பதை இரண்டு மூன்று ஆசிரியர்களின் வாயாலேயே கேட்டேன். வெட்டாதீர்கள். அதைவிட, கட்டுரையை ஏற்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். அந்தக் குடும்பத்தில் வேலை செய்யாத ஒரு பூச்சியியல் மாணவரிடம் திறவுகோலையும் இரண்டு ஈக்களையும் கொடுங்கள். ஒன்று புதுப் பேரினம், இன்னொன்று அதற்கு மிக நெருங்கியது. இரண்டும் பெண்ணாக இருக்கட்டும். கட்டுரையை எழுதியவரிடம் கடிதம் போட்டுக் கேட்காமல் அந்த மாணவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறாரா என்று பாருங்கள். நெருங்கிய பேரினங்கள் திறவுகோலில் இருக்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். புதுப் பேரினம் மட்டும் தன் மூன்று சிற்றினங்களோடு தனித்து நிற்கும் திறவுகோல், வீட்டுக்குள் வந்தபின் எந்த அறை எங்கே என்று சொல்லும். வாசலைக் காட்டாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். ஒரு புதுப் பேரினத்தை ஒழுங்காக அமைக்க, பல நாட்டு அருங்காட்சியகங்களின் பெட்டிகளைத் திறந்து, நூறு ஆண்டு பழைய சீட்டுகளின் கையெழுத்தைப் படித்து, யாரோ எப்போதோ தவறாக வைத்த பெயரைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அதில் பதவி உயர்வும் வருவதில்லை, மேற்கோளும் அதிகம் வருவதில்லை. உங்கள் கட்டுரை ஒன்றைச் சரியாகப் பயன்படுத்திய பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட அறிக்கையில் உங்கள் பெயரை எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. இனி எழுதுகிறேன்.

அந்தப் பெண் ஈ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டில், குடும்பம் வரை மை மாதிரி அழுத்தமாக எழுதியிருக்கிறேன். பேரினம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. வயிற்றை இன்னும் தொடவில்லை, ஃபோனை அணைத்து வைத்துவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்கிறேன். அந்தக் கட்டுரையை எழுதியவர் இதைப் படித்து, தன் பேரினம் என்று அடையாளம் கண்டுகொண்டால், பெண்ணின் முட்டையிடும் குழல் முனையை ஒரே ஒரு படம் எடுத்து எங்காவது போடட்டும். ஈயை அவருக்கே அனுப்பி வைக்கிறேன், உடைந்த காலோடு சேர்த்து.

இப்படிக்கு,
திறவுகோலின் மூன்றாம் படியில் நிற்கும் ஒருவன்